அக்கா சொன்ன மூணு

"ஊசி போட்டது அக்காவுக்கு, மயங்கி விழுந்தது தம்பி." ஆறு வருஷமாக வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி முதலில் சொல்வது இதைத்தான். நான் விழவில்லை. சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடம் தரையாகப் போய்விட்டது, அவ்வளவுதான். இருபத்தைந்து வருஷம் லாரிக்கு அடியில் படுத்து ஸ்பேனர் பிடித்தவன், ஊசிக்கு விழுவேனா? வாயால் சொன்னால் யாரும் கேட்பதில்லை. எழுதியே வைத்துவிடுகிறேன்.

அக்கா சட்டைக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நூல் பிசிறு வெட்டும் வேலைக்குப் பதினெட்டு வயதில் போனாள். ஆண்களே நின்ற மேஜைக்குப் பத்து வருஷத்தில் மாஸ்டரானாள். நாற்பது மடிப்புத் துணியை விரித்து, கோடு போட்டு, மெஷினை ஓட்டினால் மேல்துணிக்கும் அடித்துணிக்கும் ஒரு நூல் வித்தியாசம் வராது. காலர் கோணுகிறது என்று யாராவது தைத்த துணியைத் தூக்கிக்கொண்டு வந்தால், "வெட்டினது நேராத்தான் இருக்கு. போய்க் கண்ணைக் கழுவிட்டு வந்து தை" என்பாள்.

குனிந்தே நின்றதில் நாற்பது வயதுக்கு மேல் அடிமுதுகு பிடித்துக்கொண்டது. யார் கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்பாள். அதற்குக் காரணம் நான்தான். வீடு மாற்றிய அன்று பீரோவின் ஒரு மூலையைப் பிடிக்கச் சொன்னேன். முடியலடா என்றாள். "வேலைன்னதும் வலி வந்துருமே, நல்லா நடிக்கிற" என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன். அன்றோடு வலி என்ற சொல்லையே அவள் விட்டுவிட்டாள்.

ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டு, நிற்க முடியாவிட்டால், தைத்து வந்த சட்டையை உட்கார்ந்து சரிபார்க்கும் செக்கிங்குக்கு மாற்றிவிடுவதாகச் சொன்னார். "உக்காந்து பட்டன் எண்ணுறதுக்கா நான் கத்தி பிடிச்சேன்?" என்று என்னிடம் வந்து கத்தினாள். வலி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

அந்த டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். முதுகெலும்பு மூட்டிலிருந்து வலியைக் கொண்டு போகும் நரம்பை ஊசியால் மரத்துப் போக வைப்பார்களாம். முதலில் சோதனை ஊசி, சில மணி நேரம்தான் வேலை செய்யும். "போய்ப் படுத்துக்காதீங்க. வலிக்கிற வேலையச் செஞ்சு பாருங்க. கட்டிங் மெஷின மட்டும் இன்னைக்குத் தொடாதீங்க. அரை மணிக்கு ஒரு தடவை, வலி பத்துக்கு எத்தனைன்னு எழுதுங்க." பாதிக்கு மேல் குறைந்தால்தான் அடுத்த சிகிச்சை.

"இப்போ எத்தனைம்மா?"

மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அக்கா சொன்னாள்: "மூணு."

ஊசி போட்ட பிறகு கம்பெனியில் துணி விரித்தாள். "ரெண்டு" என்றாள். சொன்னதை எழுதினேன். மறுவாரம் டாக்டர் தாளைப் பார்த்து, "மூணு ரெண்டாயிருக்கு. இது பத்தாதும்மா. வேற நரம்போ என்னவோ" என்றார். அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "டாக்டர், இவ மூணுன்னா எட்டுன்னு அர்த்தம்."

"நடிக்கிறேன்னு சொன்னவனே நீதானேடா?"

"ஆமா, தப்புதான். இப்பத்தான் நீ நடிக்கிற, வலியே இல்லாத மாதிரி. உண்மையச் சொல்லித் தொலை. மேஜை போயிரும்க்கா."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. டாக்டரைப் பார்த்து, "எட்டு" என்றாள். "சில நாள் ஒன்பது."

இன்னொரு சோதனை ஊசிக்கு நாள் குறித்தார்கள். அன்றுதான் நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். அக்கா குப்புறப் படுத்திருந்தாள். எக்ஸ்ரே திரையில் ஊசி முதுகுக்குள் இறங்கிக்கொண்டே போனது. அவ்வளவு நீளம் இருக்கும் என்று எவனும் சொல்லவில்லை. உட்கார்ந்தேன். உள்ளே இருந்து அக்கா குரல்: "வெளிய ஏதோ தொப்புன்னு விழுந்துச்சு. என் தம்பியான்னு பாருங்க."

முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு அவளோடு கம்பெனிக்குப் போனேன். ஐந்து மடிப்புக்கு ஒரு தடவை முழங்கையை மேஜையில் ஊன்றுவது அவள் பழக்கம். அன்று நாற்பது மடிப்பு விரித்தாள், முழங்கை மேஜையைத் தொடவே இல்லை.

"எத்தனைக்கா?"

"ஒண்ணு. சத்தியமா ஒண்ணுடா."

சாயங்காலம் வலி திரும்பியது. "எட்டு வந்துருச்சு, எழுது எழுது!" என்று சிரித்தாள். வலி வந்ததற்குச் சிரித்த மனுஷியை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு அதே நரம்பை ஊசி வழியாகவே சூடு வைத்துச் செயலிழக்க வைத்தார்கள். நரம்பு மறுபடி வளரும், வலியும் வரும், வந்தால் திரும்பச் செய்யலாம் என்றார் டாக்டர். இதுவரை மூன்று தடவை ஆயிற்று. செக்கிங் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். அக்கா இன்னும் அவள் மேஜையில்தான் நிற்கிறாள்.

போன வாரம் போன் செய்தாள். நலம் விசாரிப்பு எதுவும் இல்லை.

"ஏழுடா. ஊசிக்கு நாள் வாங்கு. அப்புறம், இந்தத் தடவ முதல்லயே ஒரு நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டுக்கோ."