மூன்றாவது பிளேடு

பேய், சகுனம் எதையும் நம்புகிற ஆள் இல்லை நான். பம்ப் கம்பெனியில் வேலை, கம்ப்யூட்டருக்குள் தண்ணீரை ஓடவிட்டுப் பார்ப்பேன், அவ்வளவுதான். நீங்களும் நம்பப்போவதில்லை, பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

ஒரகடம் பக்கம் வல்லம் வடகாலில் எங்கள் பிளாண்ட். புது பம்ப் ஒன்று சோதனையில் அழுத்தம் இறங்கிப் படுத்துவிட்டது. அதை ஓட்டிய எஸ்தர் அக்கா, பென்னலூர்க்காரர், காண்ட்ராக்ட் ஆள். தண்ணீர் வரும் வால்வை அவர் சரியாகத் திறக்கவில்லை என்று மேனேஜர் முடிவு கட்டிவிட்டார்.

"முழுசாத்தான் சார் தொறந்து வச்சேன். உள்ளார ஜல்லி உருள்ற மாதிரி சத்தம் கேட்டுகினே இருந்துச்சு" என்றார் என்னிடம்.

அதற்குப் பெயர் கேவிட்டேஷன். அழுத்தம் குறைந்த இடத்தில் தண்ணீர் சூடில்லாமலே கொதிக்கும், அந்தக் குமிழிகள் உடைந்து உடைந்து இரும்பைத் தின்னும். வால்வு முழுதாகத் திறந்திருந்தாலும் அது வருமா என்று நான் ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். வரும் என்றால் அக்காவுக்கு வேலை இருக்கும், வராது என்றால் போய்விடும்.

நாலு நாளாக ஒவ்வொரு ஓட்டமும் பாதியிலேயே கவிழ்ந்தது. ஓ.டி. பார்த்துப் பார்த்துக் கண் எரிந்ததுதான் மிச்சம். கடைசியில் தப்பு என்னுடையது, தண்ணீர் ஆவியாகும் அழுத்தத்தைக் காற்றழுத்தம் கழிக்காமல் போட்டிருந்தேன், பம்ப் முழுக்கக் கொதித்துக்கொண்டிருந்தது. திருத்தினேன். சனிக்கிழமை மத்தியானம் ஓடி முடிந்தது.

பம்புக்குள் சுழலும் சக்கரத்தில் ஆறு பிளேடு, ஐந்து சுத்தம். சக்கரத்தில் சீரியல் எண் குத்தும் இடத்திலிருந்து எண்ணினால் மூன்றாவதில் மட்டும் குமிழி. அப்படி வர வழியே இல்லை, ஒரே பிளேடை வரைந்து ஆறாக நகல் எடுத்த மாடல் அது. நம்பினால் நம்புங்கள், கணக்குக்காக மாடலைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் வலையைப் புதிதாகப் பின்னி ஓட்டினேன், வேறு மெஷினில் ஓட்டினேன், மொத்தச் சக்கரத்தையும் திருப்பி வைத்து ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும் மூன்றாவதில்தான், சக்கரத்தைத் திருப்பினால் குமிழியும் கூடவே திரும்பி அதே பிளேடில் உட்கார்ந்தது. பயந்தேன், ஆனால் பயத்தைவிட அலுப்பு, வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது. ஆவியாகும் வேகத்துக்கான எண்ணைக் குறைத்துக்கொண்டே வந்தேன், குமிழி மறைந்தது. வால்வு திறந்திருந்தால் கேவிட்டேஷன் வராது என்று ரிப்போர்ட்டை அனுப்பினேன். திங்கட்கிழமை அக்காவை நிறுத்திவிட்டார்கள்.

பம்பில் குறையில்லை என்று கஸ்டமருக்கு அனுப்பினார்கள், இரண்டு மாதம் ஓடி அதே பம்ப் திரும்பி வந்தது. பிரித்தால், ஒரு பிளேடு மட்டும் செல்லரித்ததுபோல் இருந்தது. எண்ணிப் பார்த்தேன், மூன்றாவது. வார்ப்பில் அது ஒன்றில் மட்டும் ஒரு மேடு. என் மாடல் வரைபடத்தைப் பார்த்துச் செய்தது, வரைபடத்தில் மேடு கிடையாது. குறைப்பதற்கு முன்பிருந்த எண்களைப் போட்டு மறுபடி ஓட்டினேன், எத்தனை தடவை ஓட்டினாலும் ஆறும் சுத்தம். மேனேஜர் வார்ப்புக் கோளாறு என்று எழுதி முடித்துக்கொண்டார். அக்காவைத் திரும்பக் கூப்பிடவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது சொல்ல.

போன மாதம் ஒரகடம் பஸ் ஸ்டாப்பில் அவரைப் பார்த்தேன். ஏதோ ஹாஸ்டலில் பாத்திரம் கழுவுகிறாராம். கோபமே இல்லாமல் கேட்டார்.

"சார், அந்தக் கம்ப்யூட்டரு ஒரு வாட்டியாச்சும் நான் சொன்னது நெசம்னு காட்டுச்சா?"

"இல்லக்கா" என்றேன்.

நாலு தடவை காட்டியது.