குங்குமம் வைத்த காமிக்ஸ்

முதல் பார்சல் வந்த அன்று கூரியர்க்காரனின் சட்டையைப் பிடித்தேன். அவன் வண்டியில் உட்கார்ந்தபடியே பார்சலை எறிந்தான். ட்யூப் முக்கிப் பார்க்கும் தொட்டிக்குப் பக்கத்தில் விழுந்தது. தண்ணீருக்குள் விழுந்திருந்தால் அவனையும் முக்கியிருப்பேன்.

"வுடுண்ணே. துணி பார்சல்னு நெனச்சேன்" என்றான்.

"புக்குடா."

"புக்குக்கா சட்டய கிழிக்கிற?"

சட்டைப் பை கிழிந்து தொங்கியது. விட்டுவிட்டேன். அதன்பிறகு அவன் பார்சலை வாசல் கல்மேல் வைத்துவிட்டு எட்ட நின்றுதான் கூப்பிடுவான்.

வில்லியனூரிலிருந்து ஒதியம்பட்டு போகும் சாலையில் எனக்குப் பஞ்சர் கடை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்க வந்தது காமிக்ஸில்தான். பாடப் புத்தகத்தில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. காமிக்ஸில் முதல் பக்கத்திலேயே ஒருவன் கத்திக்குத்து வாங்கிக் கிடப்பான். யார் குத்தியது என்று தெரிய வேண்டுமானால் படித்துத்தான் ஆக வேண்டும். படித்தேன்.

அப்படிச் சேர்ந்தது ஒரு தகரப் பெட்டி நிறைய. பாதி, பாகூரில் ஒரு பழைய பேப்பர் கடையில் எடைக்கு எடுத்தது. பெட்டியில் எனக்குப் பெரியது ஒரு காமிக்ஸ் தீபாவளி மலர். செங்கல் கனம் இருக்கும். சின்ன வயதில் மண்ணெண்ணெய் வாங்கப் போன நான் அதை வாங்கிக்கொண்டு வந்தேன். அப்பா மிதித்தார். புத்தகத்தை வயிற்றுக்கடியில் வைத்துக் குப்புறப் படுத்துக்கொண்டேன். ஒரு பல் போனது. புத்தகத்தில் ஒரு பக்கம்கூட மடங்கவில்லை.

ஆயுத பூஜை அன்று கடையில் டயர் நெம்பும் லிவர், சுத்தி, ஜாக்கி எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைப்போம். மற்ற வீடுகளில் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களைச் சாமிமுன் அடுக்குவார்கள். என் வீட்டில் இருந்த புத்தகம் காமிக்ஸ்தான். அதை அடுக்கினேன். மேலட்டையில் வலது மூலையில் ஒரு விரல் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். வருடா வருடம் அதே இடத்தில் வைப்பேன். என் விரலில் எப்போதும் கிரீஸ் இருக்கும். பொட்டு அட்டைக்குள் ஊறிப்போனது. காமிக்ஸ் சேர்க்கிறவர்கள் அட்டையை விரலால்கூடத் தொடமாட்டார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வைத்திருப்பேன்.

பெரிய மழையில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. நான் கடையில் மாட்டிக்கொண்டேன். வீட்டில் என் மனைவியும் அவள் தம்பியும் இருந்தார்கள். மச்சானுக்கு வேலை நிலைக்காது. எங்களோடுதான் இருக்கிறான். தண்ணீர் வடிந்து நான் போனபோது பெட்டி வாசலில் வாய் திறந்து கிடந்தது. உள்ளே சேறு.

"எல்லாம் கூழாப்பூட்ச்சி மாமா. நாறிச்சி. ஆத்துல கொட்டிட்டேன்" என்றான்.

சங்கராபரணி ஆற்றங்கரையில் நடந்து பார்த்தேன். முள்ளில் மாட்டிய துணி, செத்த ஆடு ஒன்று, செருப்புகள். காகிதம் ஒன்றும் இல்லை. ஆட்டின் வயிறு ஊதியிருந்தது. அதை உதைத்தேன். எதற்கு உதைத்தேன் என்று தெரியவில்லை.

சோறு இறங்காமல் இருந்தேன். மச்சான்தான் என் போனில் அந்த சைட்டை எடுத்துக் கொடுத்தான்.

"பழைய புக்கு வெச்சிருக்கறவன்லாம் இவங்க கிட்ட குடுத்து வெப்பான் மாமா. இவங்க வித்து, கமிஷன் எடுத்துக்குனு மீதிய அவனுக்கு போடுவாங்க. உன் புக்கு மாதிரியே வேற கெடைக்கும்."

கிடைத்தது. ஆனால் அந்த சைட்டு என் தோலை உயிரோடு உரித்தது. படம் மேலட்டைக்கு மட்டும்தான் போடுவார்கள். "நல்ல நிலை" என்று எழுதியிருப்பார்கள். வாங்கிப் பிரித்தால் நடுத்தாள் இருக்காது. ஒரு புத்தகத்தில் கடைசித் தாளையே கிழித்திருந்தார்கள். கொலைகாரன் யாரென்று தெரியாமல் மூடி வைத்தேன். ஆசைப்பட்டு ஒன்றை அமுக்கினால், பணம் கட்டும் இடத்துக்குப் போவதற்குள் "விற்றது" என்று சிவப்பில் விழும். என் விரலில் கிரீஸ். போனுக்கு என் விரல் புரியாது. துடைத்துவிட்டு வருவதற்குள் எவனோ கொண்டுபோவான்.

போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தது.

"சார், பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா?"

"நான் கல்யாணத்துக்கே வீடியோ எடுக்கலம்மா."

"வீடியோ இல்லன்னா ரிட்டர்ன் கிடையாது சார். நாங்க நடுவுல தான். புக்கு எங்களுது இல்ல."

"அப்ப யாருது?"

"அத சொல்ல முடியாது சார். விக்கறவங்க பேர நாங்க குடுக்கறது இல்ல. நம்பர் மட்டும்தான் இருக்கும்."

போனைத் தூக்கி டயர் குவியலில் அடித்தேன். டயர் என்பதால் அது உடையவில்லை. எகிறி வந்து என் காலிலேயே விழுந்தது. காற்றடிக்க வந்த ஆட்டோக்காரர் சிரித்தார். அவரையும் முறைத்தேன்.

அடுத்து ஒன்று வாங்கினேன். அதன் விவரத்தில் "மேலட்டை மூலையில் கறை" என்று போட்டிருந்தது. விலை அதனால் கம்மி. படத்தில் அந்த மூலை வெளிச்சம் பட்டு வெள்ளையாகத் தெரிந்தது. பார்சல் வந்தது. பிளேடால் கிழித்தேன்.

வலது மூலையில் சந்தனம். அதன் நடுவில் குங்குமம். ஓரத்தில் என் விரல் ரேகை, கிரீஸில்.

மூக்கில் வைத்துப் பார்த்தேன். சேற்று வாசம் இல்லை. ஆற்றுத் தண்ணீர் அதைத் தொட்டதே இல்லை. பஞ்சர் சொல்யூஷன் வாசம்தான் அடித்தது.

விற்றவனின் நம்பரை அமுக்கினேன். அவன் விற்கக் கொடுத்தது எல்லாம் வரிசையாக வந்தது. என் பெட்டி. ஒவ்வொன்றின் கீழும் "கறை", "கறை", "கறை" என்று எழுதியிருந்தது. கடைசியில் தீபாவளி மலர். என் புத்தகத்தை நானே வாங்கியிருக்கிறேன். ஆற்றில் கொட்டினேன் என்று சொன்னவன் ஒருவன்தான். காலிப் பெட்டியில் சேற்றையும் அவனே அள்ளிப் போட்டிருக்க வேண்டும்.

கடையைச் சாத்தவில்லை. கழற்றிப் போட்ட டயர் அப்படியே கிடந்தது. வீட்டுக்குப் போனேன்.

மச்சான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என் மனைவி கருவாடு வறுத்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தை அவன் தட்டுக்கு முன்னால் போட்டேன்.

"ஆத்துல கொட்டனது எப்பிடிடா கூரியர்ல வந்துச்சி?"

அவன் பார்த்தான். கையில் இருந்த கவளத்தை வாயில் போட்டு மென்றான்.

"நீ தான் வாங்கினியா? கறைன்னு போட்டத நீ தொட மாட்டேன்னு நெனச்சுதான் சைட்ட காட்டனேன். எவன்டா இத போயி வாங்கறான்னு நெனச்சேன்."

"திருடன பாரு."

"யாரு திருடன்? தண்ணி இடுப்பளவு மாமா. எங்க அக்காவ ஏத்தறதுக்கு முன்னாடி உன் பொட்டிய பரண்ல ஏத்தனேன். கெடந்திருந்தா கூழு. நான் தூக்கனது. எனக்கும் அதுல உண்டு."

"எங்கிட்ட கேட்டியா?"

"கேட்டா குடுப்பியா நீ? அதுவும் சந்தனம் பூசி நாசம் பண்ணி வெச்சிருக்க. கறைன்னு போட்டு பாதி வெலைக்கு தான் எடுத்துக்கறான். படிச்சவன் எவனாவது புக்குக்கு பொட்டு வெப்பானா?"

டயர் லிவர் என் கையில் இருந்தது. கடையிலிருந்தே கொண்டுவந்திருக்க வேண்டும். அவன் தலைக்குத்தான் ஓங்கினேன். குறுக்கே கையை வைத்தான். பச்சை மூங்கிலை ஒடிக்கிற சத்தம் வந்தது. அவன் கத்தவில்லை. எழுந்து தலையால் என் வாயில் முட்டினான். உதடு கிழிந்தது. இரண்டு பேரும் தட்டுமேல் விழுந்தோம். சோறு, குழம்பு, ரத்தம். அவன் முறிந்த கை தொங்க மறு கையால் என் தொண்டையைப் பிடித்தான். நான் முழங்காலை அவன் வயிற்றில் ஏற்றினேன். கண் இருட்டியது. அப்போதும் விடவில்லை. அவனும் விடவில்லை.

என் மனைவி ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி எங்கள்மேல் ஊற்றினாள். பிறகு காலிக் குடத்தாலேயே என் முதுகில் ஒன்று, அவன் முதுகில் ஒன்று போட்டாள்.

"சாவுங்கடா. வெளிய போயி சாவுங்க. இப்பதான் கழுவுன தர."

புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் வண்டியிலிருந்து விழுந்தான் என்று சொன்னோம். டாக்டர் அவன் கையைப் பார்த்தார். என் உதட்டைப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒரே வண்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். உதட்டில் தையல் போட்டார். மரக்க ஊசி போடாமலே போட்டார். அவனுக்கு மாவுக்கட்டு. வீக்கம் வடியட்டும் என்று வார்டில் படுக்க வைத்தார்கள். போலீசுக்குப் போகவில்லை. அவன் போகமாட்டான் என்று எனக்குத் தெரியும். வேறு ஏதோ செய்வான் என்பதும் தெரியும்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். போனில் சைட்டுக்குப் போய் மச்சானின் நம்பரைத் திறந்தேன். எல்லாப் புத்தகத்துக்கும் விலை குறைந்திருந்தது. ஒரு டீ விலை. ஒவ்வொன்றாக "விற்றது", "விற்றது" என்று விழுந்தது. ஊர் ஊராக எவனெவனோ என் பெட்டிக்குள் கையை விட்டு அள்ளுகிறான். எனக்கு மற்றதெல்லாம் வேண்டாம். கீழே இறக்கி இறக்கித் தீபாவளி மலருக்குப் போனேன். அமுக்கினேன். "வேறொருவர் எடுத்து வைத்திருக்கிறார்" என்று வந்தது. திரும்ப அமுக்கினேன். அதே. சட்டையில் துடைத்துவிட்டு அமுக்கினேன். சிவப்பில் விழுந்தது.

கண்ணாடி டம்ளர் கையிலேயே உடைந்தது. உள்ளங்கையில் குத்திய சில்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வார்டுக்கு ஏறினேன். அவனைக் கொல்லத்தான் ஏறினேன். வேறு எண்ணம் எதுவும் இல்லை.

அவன் இடது கையில் போனை வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தான்.

"வா மாமா. இன்னொரு கை பாக்கி இருக்கு" என்றான்.

தலையணையை உருவினேன். அவன் சிரிப்பு நின்றது. என் மனைவி நடுவில் வந்தாள். என்னைத் தள்ளவில்லை. என் கையிலிருந்து சொட்டுவதைப் பார்த்தாள், அவன் போனைப் பார்த்தாள்.

"இன்னாடா பண்ண?"

"வித்துட்டேன்."

"எல்லாத்தயும்?"

"இன்னும் கொஞ்சம் கெடக்குது. அதுவும் பூடும்."

"அந்த குண்டு புக்கு?"

"அதுவும் பூட்ச்சி. மொதல்ல அதுக்கு தான் வெலய கொறச்சேன்."

அவன் கன்னத்தில் அறைந்தாள். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். மறுபடி அறைந்தாள். மூக்கில் ரத்தம் வந்தது. நர்ஸ் ஓடிவந்து, இதெல்லாம் இங்கே கூடாது என்றாள். "கட்டு போட்ட கையில படலம்மா" என்று சொல்லிவிட்டு என் மனைவி மூன்றாவதையும் வைத்தாள்.

"பல்லு போனாலும் அத வுடாத ஆளு இவன். அத போயி வித்த நீ. மீதிய திருப்பி வாங்கு. இப்ப. என் கண்ணு முன்னாடி."

விற்கக் கொடுத்தவன்தான் திருப்பி வாங்க முடியும். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு இடது கட்டை விரலால் ஒவ்வொன்றாக அமுக்கினான். நான் தலையணையைக் கையில் பிடித்தபடி நின்றேன். அதில் என் கை ரத்தம் ஊறியது.

மீதி வந்தது. பெட்டியில் கால்வாசி. இந்த முறை கூரியர்க்காரன் என் கைக் கட்டையும் உதட்டுத் தையலையும் பார்த்துவிட்டு, "நான் எதுவும் பண்ணலண்ணே" என்றான்.

தீபாவளி மலரை வாங்கியவன் யாரென்று கேட்டு சைட்டுக்குப் போன் போட்டேன். அதே பெண். சொல்லமாட்டோம் என்றது. கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சியதில்லை. நான் சொல்வதை எழுதி அவருக்கு அனுப்புவதாகச் சொன்னது. என்ன எழுத வேண்டும் என்று கேட்டது. "அது என்னுது, திருப்பிக் கொடுக்கச் சொல்லு" என்றேன்.

பதில் வந்தது. விற்பதற்கு இல்லை என்று இருந்தது. அவ்வளவுதான்.

அதைக் கடையில்தான் படித்தேன். ஒரு லாரி டயர் ரிம்மை விட்டு வராமல் கிடந்தது. டிரைவர் அவசரப்படுத்தினார். மச்சான் மாவுக்கட்டோடு ஸ்டூலில் இருந்தான். வேறு எங்கும் போக இடம் இல்லாமல் என் மனைவி அவனைக் கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். அவனும் நானும் பேசுவதில்லை. என் முகத்தைப் பார்த்தான். போனைப் பார்த்தான்.

"குடுக்க மாட்டன்னுட்டானா?"

நான் பெரிய சுத்தியை எடுத்தேன். அவன் எழுந்து வந்து, டயர் உருளாமல் இருக்க அதன்மேல் காலை வைத்து மிதித்துக்கொண்டான். நான் அடிக்க வேண்டிய இடத்துக்கும் அவன் காலுக்கும் நாலு விரல் இடைவெளி.

"கால எடு" என்றேன்.

எடுக்கவில்லை. "ஓங்கி அடி மாமா" என்றான்.

தலைக்குமேல் ஓங்கினேன். அவன் கண்ணை மூடவில்லை.

டயரைத்தான் அடித்தேன்.