கேட்டருகே நின்ற தாய்

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில், விடுமுறை நாளில் சினிமா எடுத்தார்கள். துப்பாக்கிக்காரர்கள் பள்ளியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சின்ன பட்ஜெட் சண்டைப் படம். செய்திக்காகப் போயிருந்தேன். மாணவர்களின் தாய்மார்களாக நடிக்க உள்ளூர்ப் பெண்கள் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஒல்லியானவர். சும்மா நிற்கும்போதும் முந்தானையை இடுப்பில் செருகியே வைத்திருந்தார்.

வெடி வெடித்ததும் தாய்மார்கள் பள்ளி கேட்டை நோக்கி அழுதபடி ஓட வேண்டும். இவர் மட்டும் எதிர்ப்பக்கம், பட்டாசு ஆலைகள் இருக்கும் திசையில் ஓடினார்.

"யம்மா, உங்க புள்ள ஸ்கூலுக்குள்ள இருக்கும்மா!" என்று கத்தினார் இயக்குநர்.

"எம்மக பட்டாசு கம்பெனியிலல்ல இருக்கா, சார். சத்தம் கேட்டா காலு அங்கனதான் போகுது."

"போன் போட்டுக் கேட்டுட்டு வாங்க."

"உள்ள போனு கொண்டுபோக விட மாட்டாக, சார்."

இரண்டாம் முறையும் அப்படியே ஓடினார். "ஏத்தா, ஒன்னால நாங்க சோறு திங்காம சாகணுமா?" என்று கூட நடித்த ஒருத்தி கேலி செய்தாள். ஓடவே வேண்டாம், கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும் என்றார் இயக்குநர். மூன்றாம் முறை வெடித்தபோது அவர் கம்பியை இறுகப் பற்றி, அசையாமல் நின்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

கேமராவை நகர்த்திக்கொண்டிருந்தபோது இன்னொரு சத்தம் கேட்டது. தரை லேசாக அதிர்ந்தது. படத்துக்கு வெடி வைப்பவர், தான் எதையும் வைக்கவில்லை என்று கையை விரித்தார்.

"இது உங்க வெடிதான, சார்?" என்று கேட்டார் அந்தப் பெண்.

யாராவது ஆமாம் என்று சொல்லிவிட மாட்டார்களா என்று எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். கம்பியை மட்டும் விடவில்லை.