நாலந்தாவில் தண்ணீர்

எனக்குப் பத்து வயதானபோது எங்கள் வீட்டில் இலங்கையைச் சுற்றிவரத் திட்டம் போட்டார்கள். ஒரு மாதம் வேறு பேச்சே இல்லை. அப்பா சுற்றுலா வேன் ஓட்டுபவர். பலாபத்வலையில் ஸ்பைஸ் கார்டன் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களைச் சிகிரியாவுக்கும் எல்லவுக்கும் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்து தூங்குவார். அந்த இடங்களையெல்லாம் நாங்கள் அவருடைய போனில் பார்த்திருந்தோம். ஒவ்வொரு படத்திலும் முன்னால் யாராவது ஒரு வெள்ளைக்காரர் நின்று மலையை மறைத்துக்கொண்டிருப்பார். ஆகவே, நீர்கொழும்பில் ஒரு கூட்டாளி கேம்பர் வேன் வாடகைக்கு விடுகிறான், ஏழு நாளைக்கு எடுத்து எல்லாரும் போகிறோம் என்று அப்பா சொன்னபோது, அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.

கேம்பர் வேனுக்குள்ளேயே கட்டில் இருக்கும், காஸ் அடுப்பு இருக்கும், கை கழுவத் தொட்டி இருக்கும், அடியில் தண்ணீர் டேங்க் இருக்கும். வீட்டு முன்னால் சொந்த வேன் ஒன்று நிற்க, வாடகைக்கு இன்னொன்று எடுக்கிற ஆளைப் பக்கத்து வீட்டார் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். நம் வேனிலேயே ஒரு மெத்தையைப் போட்டுக்கொண்டு போனால் என்ன என்று அம்மாவும் கேட்டுப் பார்த்தார். "வாடகை வண்டிதான் சரி," என்றார் அப்பா. 

திட்டத்தை எழுதுகிற பொறுப்பு என்னுடையது. யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். ஒரு சிஆர் கொப்பியில் நாளுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கினேன். முதல் நாள் தம்புள்ளை வழியாகத் திருகோணமலை. பிறகு நிலாவெளி, பாசிக்குடா, அறுகம்பை என்று கடலோரமாகவே இறங்கி, எல்லவுக்கு ஏறி, நுவரெலியா, கண்டி, வீடு. தம்பி யானை பார்க்க வேண்டும் என்றான். எழுதிக்கொண்டேன். அம்மா ஒவ்வொரு இடத்துக்கும் கக்கூஸ் வசதியை விசாரித்தார். அதையும் எழுதினேன். அவருடைய சாமான் பட்டியலில் அரிசி, கருவாடு, கொச்சிக்காய்த் தூள், தேங்காய் துருவி எல்லாம் இருந்தன. போகிற வழியில் கடைகளே இல்லாத நாடு ஒன்றுக்குப் போகிறோம் என்று நினைத்தாரோ என்னவோ. எனக்கு வேண்டியது ஒன்றுதான். நான் கடலைப் பார்த்ததில்லை. முதல் நாளே, வெயில் இருக்கும்போதே, பார்த்துவிட வேண்டும்.

அப்பா எல்லாவற்றுக்கும் சரி என்றார். ஒரே ஒரு வரியில்தான் பிடிவாதம் பிடித்தார்.

"மொத நாள் காலைல நாலந்தாவுல தண்ணி பிடிக்கணும். அத எழுது."

நாலந்தா தம்புள்ளை ரோட்டில், எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம். அரை மணி நேரத்தில் யாருக்குத் தண்ணீர் தீரும்?

"வீட்டுலயே பிடிச்சுக்கிட்டுப் போலாமே அப்பா."

"நம்ம தண்ணில காவி ஜாஸ்தி. பைப் அடைச்சுக்கும்."

அந்தத் தண்ணீரைத்தான் நாங்கள் பிறந்ததிலிருந்து குடித்துக்கொண்டிருந்தோம். எங்களுக்கு எதுவும் அடைக்கவில்லை. அம்மா போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல், "அப்பா சொல்றத எழுதும்மா," என்றார்.

நாலந்தாவில் அத்தை இருந்தார். அப்பாவின் ஒரே அக்கா. அது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. பஸ்ஸில் போகும்போது அத்தை வீட்டு நீலக் கேட் வருகிற நேரம் அப்பா மறுபக்கம் திரும்பிக்கொள்வார் என்பதும் தெரியும். தாத்தா கடைசியில் அத்தை வீட்டில் இருந்தபோது இறந்துபோனார். மகன் வீட்டு வாசலில் இருந்துதான் எடுக்க வேண்டும் என்று அப்பா நின்றார். கண்ணை மூடிய வீட்டிலிருந்துதான் எடுப்பேன் என்று அத்தை நின்றார். அத்தை சொன்னதே நடந்தது. இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று அப்பா சொல்ல, நானும் உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று அத்தை சொல்ல, இரண்டு பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ஆட்களாகப் போய்விட்டார்கள். நான் அப்போது கைக்குழந்தை. ஒன்பது வருஷமாகக் கல்யாண வீடுகளில் அத்தை முதல் பந்தி என்றால் அப்பா மூன்றாம் பந்தி. பெரியவர்களின் சண்டை, சில வீடுகளில் நாய் இருப்பதைப் போல, தெரிந்துவைத்துக்கொண்டு விலகிப்போக வேண்டிய ஒன்று என்றுதான் எனக்குப் பட்டது. அதைத் தண்ணீரோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

நான் கடலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நாலந்தாவில் நின்றால் ஒரு மணி நேரம் போய்விடும். புறப்படுகிற அன்று விடியற்காலையில், அப்பா குளிக்கப் போயிருந்தபோது, தம்பியை டோர்ச் பிடிக்க வைத்து, தோட்டத்துக் குழாயை இழுத்து, டேங்க்கை வழிய வழிய நிரப்பி மூடியை இறுக்கினேன். கொப்பியில் நாலந்தா என்ற வரியை அடிமட்டம் வைத்து நேராகக் கோடு கிழித்து வெட்டினேன். பிற்காலத்தில் நான் பார்த்த எந்த உத்தியோகத்திலும் அவ்வளவு திருப்தி கிடைத்ததில்லை.

நாலந்தா நெருங்கியபோது வண்டியின் வேகம் குறைந்தது. அப்பா கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டார். அன்றைக்குப் புதுச் சட்டை போட்டிருந்தார்.

"நிக்க வேணாம் அப்பா. நான் வீட்டுலயே டேங்க் நெறைய பிடிச்சுட்டேன்," என்றேன்.

பாராட்டு வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஏதோ இருந்தது. வண்டி நீலக் கேட்டைத் தாண்டிப் போனது. கெடிகே என்கிற பழைய கோயிலுக்குத் திரும்பும் சந்தி வரை போய், அங்கே ஒரு லொறிக்கு வழிவிட்டு நின்று, அப்படியே திரும்பி வந்த வழியே வந்தது. கேட்டுக்குச் சற்று முன்னால் ஒரு மாரா மரத்தின் கீழே அப்பா நிறுத்தினார்.

இறங்கியவர் வெகுநேரம் ஏறவில்லை. நானும் இறங்கிப் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். புதுச் சட்டையோடு ரோட்டில் முழங்காலிட்டுக் குனிந்து, டேங்க்கின் அடித் திருகை அப்பா திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். நான் விடியலில் எழுந்து பிடித்த தண்ணீர் முழுக்க ரோட்டோரக் கான் வாய்க்காலில் ஓடியது. அது தீரும்வரை அவர் அங்கேயே குந்தியிருந்து, கடைசித் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.  அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்தேன்.

பிறகு வண்டியைக் கேட்டருகே கொண்டுபோய் நிறுத்தினார். ஒரு வெறும் கேனை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டைத் தட்டினார். அத்தை வந்தார். நான் நினைத்ததைவிடக் குள்ளம். அப்பாவின் அதே மூக்கு. அப்பாவைக் கண்டதும் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"வண்டிக்குத் தண்ணி முடிஞ்சுருச்சு," என்றார் அப்பா. கண் கேனில் இருந்தது. "கொஞ்சம் பிடிச்சுக்கலாமான்னு."

"எவ்வளவு வேணும்?"

"டேங்க் காலி."

அத்தை போய்க் குழாயில் ஹோஸை மாட்டி இழுத்துக்கொண்டு வந்தார். கேட்டுக்கு உள்ளே அவர், வெளியே அப்பா, நடுவில் அந்தப் பச்சை ஹோஸ். இரண்டு பேரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.  டேங்க் நிரம்பினால் போய்விடுவோம் என்று தோன்றியது. எனக்கும் அதுதான் வேண்டும். ஆனால் என் மனசு ஆறவில்லை. இவ்வளவு பெரிய அநியாயத்தை யாரிடமாவது சொல்லாமல் எப்படிப் போவது?

"அத்தை, டேங்க் நெறைய தண்ணி இருந்துச்சு," என்றேன். "அப்பாதான் அந்த மரத்துக்கிட்ட வச்சுத் தொறந்து விட்டாங்க. முழுசையும்."

அத்தை மரத்தடியைப் பார்த்தார். ரோடு அங்கே இன்னும் நனைந்திருந்தது. அப்பா டயரைப் பார்த்தார்.

"அப்படியா புள்ள," என்றார் அத்தை. ஹோஸ் அவர் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்து தண்ணீர் ரோட்டில் ஓடியது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

அம்மா வேனின் பக்கக் கதவைத் தள்ளித் திறந்தார். "ஏறுங்க அண்ணி. இது வாடகை வண்டி. எங்க வீடு இல்ல, உங்க வீடும் இல்ல."

அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். அம்மா அடுப்பைப் பற்றவைத்தார். அப்பா கடைசியாக ஏறி, அத்தைக்கு எதிரே உட்கார்ந்தார். நான் கேட்டுக்குள் ஓடிப்போய்க் குழாயை மூடிவிட்டு வந்தேன், அதையாவது யாராவது செய்ய வேண்டுமே. திரும்பி வந்தபோது அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். அவருடைய மற்றக் கை அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்திருந்தது. அம்மா ஊற்றிவைத்த பிளேன்டி ஆறிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நாங்கள் கடலுக்குப் போகவில்லை. சாயங்காலம் வரை அங்கேயேதான் இருந்தோம்.

நான் வேன் படியில் உட்கார்ந்து காத்திருந்தேன். அப்பா பொய் சொல்லிக் கையும் களவுமாகப் பிடிபட்டிருக்கிறார், பிடித்துக்கொடுத்ததும் நான்தான். இனி அத்தை அவரைத் திட்ட வேண்டும், அதுதான் முறை. வெகுநேரம் காத்திருந்தேன். ஒருவரும் அப்பாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவ்வளவு தண்ணீரை வீணாக்கிய மனிதரின் தட்டில் அத்தை ரொட்டிக்கு மேல் ரொட்டியாக வைத்துக்கொண்டிருந்தார். இந்தக் குடும்பத்தில் நியாயம் கேட்க ஆளே இல்லை என்று நினைத்து, அன்று முழுவதும் நான் யாரோடும் பேசவில்லை.