இடது பக்கம் நின்ற காதர்

மழையில் நனைந்த பேரனின் பந்தாட்டக் காலணியை அடுப்படியில் காய வைத்திருந்தார்கள். அந்த ஈரத்தோல் வாடை என்னைப் பினாங்குப் பள்ளித் திடலுக்கே கொண்டுபோய்விட்டது.

நடுவில் நின்று பந்தைப் பிரித்துக் கொடுக்கும் சென்டர் ஹாஃப் நான். மழையில் ஊறிய பந்து கல்லாகக் கனக்கும். பயிற்சி கொடுத்த அந்தோணி மாஸ்டர் கோட்டோரமாக நடந்துகொண்டே, "வலது பக்கம் குடு, யோசிக்காதே" என்று கத்துவார். இடது பக்கம் சூலியா தெரு காதர் தனியாக நிற்பான்.

"இங்க குடு லா, சூசை" என்று கெஞ்சுவான்.

அரையிறுதியில் ஒரே ஒரு தடவை அவனுக்குக் கொடுத்தேன். கோல் போட்டான், ஜெயித்தோம். ஆட்டம் முடிந்ததும் மாஸ்டர் என்னைத் தனியே அழைத்தார்.

"யார் சொல்லி இடது பக்கம் குடுத்தே?"

"காதரை மறிக்க ஆளே இல்ல, மாஸ்டர்."

"அடுத்த ஆட்டத்துல நீ வேணாம். சொன்னதைக் கேக்கிறவன் ஆடட்டும்."

இறுதி ஆட்டத்தை வெளியே உட்கார்ந்து பார்த்தேன். என் இடத்தில் ஆடியவன் வலது பக்கமே கொடுத்தான். எதிரணியில் மூன்று பேர் அங்கேயே காத்திருந்து பந்தைப் பறித்தார்கள். காதர் கடைசிவரை சும்மா நின்றான். தோற்றோம்.

மாஸ்டர் தலைமையாசிரியரிடம் போய், "பையன்கள் நான் சொன்னபடியே ஆடினாங்க, சார்" என்றார், பெருமையாக.

பக்கத்தில் நின்றும் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேனே என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.