நின்றுகொண்டே ஆடியவர்

எட்டாவதோடு படிப்பு நின்றது. திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்கினேன். சாயங்காலம் ஃபுட்பால். நடுவில் ஆடுவேன், சென்டர் ஹாஃப். மைதானம் முழுக்க ஓடுவேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

எண்பதுகளில் ஒரு வருஷம் விழுப்புரத்து டீமோடு மேட்ச் வைத்தார்கள். ஒரு மில்லிலிருந்து ஆள் பார்க்க வருவதாகப் பேச்சு. பிடித்துப்போனால் மில் டீமில் இடம், மில்லிலேயே வேலை. மூட்டையை இறக்கி வைக்க எனக்கு வேறு வழி கிடையாது.

அந்த நேரம் பார்த்து மச்சான் லீவில் வந்தார். அக்காவைக் கோட்டக்குப்பத்தில் கொடுத்திருந்தோம். அவருக்குக் கல்ஃபில், ஒரு ஃபுட்பால் கிளப்பில் வேலை. புல்லுக்குத் தண்ணீர் விடுவார். அந்தக் கிளப்பில் தென்னமெரிக்காக்காரர் ஒருவர் ஆடினாராம். அவரும் நடு ஆட்டக்காரர். மச்சானுக்கு வாயைத் திறந்தால் அவர் கதைதான். தெருவில் வெறுங்காலோடு ஆடி வளர்ந்தவராம். சொந்த நாட்டுக்கு உலகக் கோப்பை ஆடினாராம். ஐரோப்பாவில் அவர் கார் போனால் ஜனம் பின்னாலேயே ஓடுமாம். எல்லாம் ஆடி முடித்து, கடைசியாக இந்தக் கிளப்பில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றாராம். மச்சான் சொல்வதைக் கேட்டால், தண்ணீர் விட்டவரும் கோப்பை ஆடியவரும் ஒரே ஆள் என்று தோன்றும்.

என் ஆட்டத்தை ஒரு நாள் பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"கோழி மாதிரி ஏன்டா ஓடுற? அவர் ஓடவே மாட்டார். இடுப்புல கை வச்சிக்கினு நிப்பார். விரலை நீட்டினா பந்து அங்க போவும்."

அக்கா புருஷன். எதிர்த்துப் பேச முடியாது. அவர் வாங்கி வந்த பூட்ஸ் வேறு என் காலில் இருந்தது. டீமும் நம்பியது. சாயங்காலமானால் எல்லாரும் இடுப்பில் கை வைத்து நின்று பழகினோம். நிற்பதற்குப் பயிற்சி எடுத்த டீம் தென்னாற்காடு ஜில்லாவிலேயே நாங்கள்தான்.

விழுப்புரத்துக்காரர்களுக்குக் கல்ஃபில் மச்சான் இல்லை போல. ஓடினார்கள். நான் நின்று விரலை நீட்டினேன். நான் காட்டின இடத்தில் எங்கள் ஆள் ஒருவன் நின்று வேறு பக்கம் காட்டிக்கொண்டிருந்தான். ஐந்து கோல் வாங்கினோம்.

முடிந்ததும் மில்காரர் என்னிடம் வந்தார். நல்ல மனுஷன். குனிந்து என் காலைப் பார்த்தார்.

"முட்டி எத்தினி நாளா வலிக்குது, தம்பி?"

வலியே இல்லை என்றேன். அவர் நிமிர்ந்தார். விழுப்புரத்து சென்டர் ஹாஃபின் தோளில் கை போட்டுக் கூட்டிப் போனார்.

மேட்ச் பார்க்க மச்சானும் வந்திருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன்.

"உங்க கிளப்காரர் ஏன் ஓட மாட்டார், மச்சான்?"

"முட்டி போயிடுச்சி. ரெண்டு ஆபரேஷன். ஓடினா விழுந்துடுவார்."

"இத்த முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீ கேக்கலியே."

சொல்லிவிட்டு ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிப்போனார்.

மறுநாள் மண்டிக்குப் போனேன். விரலை நீட்டினால் மூட்டை நகராது. தூக்கித்தான் ஆக வேண்டும். வருஷக்கணக்கில் தூக்கினேன்.

இப்போது எனக்கும் முட்டி போய்விட்டது. நடுவீட்டில் நின்றுகொண்டு, செம்பை எடுத்துக் கொடு என்று விரலை நீட்டுகிறேன். மச்சான் பார்த்துவிட்டுச் சொன்னார், இப்போதுதான் ஆட்டம் பிடிபட்டிருக்கிறதாம்.