பன்னிரண்டு சென்டிமீட்டர் மண்

என் அப்பா எவேலியோ தபாரெஸ் ஒரு பயந்தாங்கொள்ளி. கொலம்பியாவின் மெதெயின் நகரில், கிழக்கு மலைச்சரிவில் எங்கள் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். தூறல் விழுந்தால் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு கம்பியோடு போய்ச் சாக்கடைகளைக் குத்திவிடுவார். சுவரில் விரிசல் கண்டால் அதன் முனையில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுவார். விரிசல் நீண்டால் அடுத்த கோடு, அடுத்த தேதி.

இருபத்து மூன்று வயதில் தன் அண்ணனை மலை சரிந்த சேற்றிலிருந்து தோண்டி எடுத்தவர். மூன்று நாள் தோண்டினார். அதைப் பற்றி அவர் சொல்லி நான் கேட்டது ஒரே ஒரு வாக்கியம்: "முந்தின நாளே அண்ணன் வீட்டுக் கதவு சரியா சாத்த வரல."

பிறகு முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் கட்டட வேலை. சிமெண்டு மூட்டை தூக்கினார், கம்பி கட்டினார், பலகை அடித்தார். அறுபத்தொரு வயதில் முதுகு போனது. எங்கள் குடியிருப்பின் குழந்தைகள் காப்பகத்தில் பராமரிப்பாளர் வேலையை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். அந்தக் கட்டடத்தில் எனக்கும் பங்கு இருந்தது.

நான் பசுமைக் கட்டடங்களுக்கு வடிவமைப்பு ஆலோசனை சொல்பவள். காப்பகத்துக்கு மின்விசிறி வேண்டாம் என்றேன். காற்று வரும் பக்கம் துளைச் செங்கல் சுவரும், எதிர்ப்பக்கம் உயரத்தில் திறப்புகளும் வைத்துக் குறுக்குக் காற்றோட்டம் கொடுத்தேன். செங்கல்லைப் பக்கத்துச் சூளையில் எடுத்தோம். ஒரு பொருளைச் சுடவும் சுமந்து வரவும் ஆகும் ஆற்றலையும் அந்தக் கட்டடத்தின் கணக்கில்தான் எழுத வேண்டும். கழிப்பறைக்கு மழைநீர்த் தொட்டி. மேலே பசுமைக் கூரை: தளத்தின் மீது நீர்த்தடுப்பு, வடிகால் அடுக்கு, மண், செடி. வெயிலை மண் வாங்கிக்கொள்ளும், அறை குளிர்ந்திருக்கும். மழையையும் கொஞ்ச நேரம் பிடித்துவைத்து மெதுவாக விடும், சரிவு அரிக்காது.

தளத்தைக் கணக்கிட்ட பொறியாளர் என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டார். "உங்க மண்ணு நனைஞ்சா என்ன எடை?"

நுரைக்கல்லும் நெல் உமியும் கலந்த லேசான மண், பன்னிரண்டு சென்டிமீட்டர். நனைந்தால் சதுர மீட்டருக்கு நூற்று முப்பத்திரண்டு கிலோ. நூற்றைம்பது என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வைத்துக் கம்பி போட்டார். அவர் கணக்கில் பிழை இல்லை.

மண்ணின் ஆழத்தைக் கூட்டக் கூடாது என்று பராமரிப்புக் கையேட்டில் எழுதினேன். நாற்பத்தோராம் பக்கம். நாற்பத்தோராம் பக்கம் வரை யாரும் படிப்பதில்லை. கூரையில் ஒரு பலகை மாட்டியிருக்கலாம். மாட்டவில்லை.

எங்கள் குடியிருப்பு கொன்வீதேயால் எழுந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டுக்குப் படி கட்ட வேண்டுமென்றால் எல்லோரும் வருவோம். ஒருவர் மணல், ஒருவர் கல், ஒருவர் கோழி, ஒருவர் மரவள்ளிக்கிழங்கு. தெருவில் அடுப்பு மூட்டிப் பெரிய பானையில் சூப்பு கொதிக்கும். மாலைக்குள் படி முடிந்திருக்கும். கூலி கிடையாது, அழைப்பும் கிடையாது. வேலை நடக்கிற சத்தம் கேட்டால் வந்துவிடுவார்கள். கை சும்மா இருப்பது அவமானம்.

கொன்வீதேக்குத் தலைமை எப்போதும் டோனா ருபியேலாதான். கூரை மண்ணை முதன்முதலில் கையில் அள்ளிப் பார்த்தபோது அவர் என்னிடம் சொன்னது: "இது மண்ணாடி பொண்ணே? பூனைக்குப் போடுற குப்பை மாதிரி இருக்கு. இதுல என்ன மொளைக்கும், உன் படிப்பா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

பிறகு ஞாயிறுதோறும் மலை மேலிருந்து கறுப்பு மண் வந்தது. இரண்டு சாக்கு, ஐந்து சாக்கு. வெங்காயத் தாள், அவரை, பூசணி, கடைசியில் வாழை. பிள்ளைகள் தங்கள் தலைக்கு மேல் விளைந்த அவரையைச் சாப்பிட்டார்கள். அந்தப் புகைப்படத்தை நான் மூன்று கருத்தரங்குகளில் காட்டினேன். படத்தில் வாழை தோள் உயரம். பன்னிரண்டு சென்டிமீட்டர் மண்ணில் வாழை நிற்காது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அப்பா என்னிடம் மூன்று முறை சொன்னார்.

முதல் முறை பிப்ரவரியில். "தாயி, சாமான் அறைக் கதவு மேல உரசுது."

"மரம் ஊதியிருக்கும்பா. ஈரம்."

இரண்டாம் முறை மார்ச்சில். கூரையின் அடிப்பக்கம், நடுவில், மயிரிழை போல ஒரு விரிசல். ஏணி போட்டு ஏறிப் பென்சில் கோடு போட்டிருந்தார். ஒன்பது நாளில் மூன்று கோடு.

"பூச்சு காயும்போது அப்படித்தான் விடும்பா."

"ஆறு வருஷமாவா காயுது?"

"அப்பா, கணக்குப் போட்டிருக்கு. தாங்கும்."

அவர் தலையாட்டினார். கணக்கு என்று நான் சொன்னால் அதற்கு மேல் பேச மாட்டார். ஆனால் மதியத் தூக்கத்துக்குப் பிள்ளைகளின் பாய்களை நடுவிலிருந்து இழுத்துச் சுவரோரமாகப் போட ஆரம்பித்தார் என்று பிறகு ஆசிரியை மர்லேனி சொன்னாள். "டோன் எவேலியோ, சுவரைக் காவல் காக்கப் போறாங்களா பிள்ளைங்க?" என்று அவள் கேலி செய்திருக்கிறாள். அவர் அடுத்த பாயை இழுக்கப் போய்விட்டாராம்.

மூன்றாம் முறை ஏப்ரலில், வியாழக்கிழமை. பத்து நாளாக விடாத மழை. நான் நகரத்தின் மறுபக்கம் அலுவலகத்தில் இருந்தேன். பிற்பகல் இரண்டேகால் மணிக்குப் போன் வந்தது.

"தாயி, மேல தண்ணி நிக்குது."

"வடிகால் அடைச்சிருக்கும்பா. ஆளை அனுப்பறேன்."

"சாக்கு போட்டு மூடியிருக்காங்க. நல்ல மண்ணு ஓடிரக் கூடாதுன்னு. நான் இப்பத்தான் பாத்தேன்."

"சரி, பதறாதீங்க. பன்னெண்டு சென்டிமீட்டர்தானே மண்ணு, நனைஞ்சாலும்…"

"பன்னெண்டு இல்ல, தாயி. கைய விட்டுப் பாத்தேன். முழங்கை வரைக்கும் போகுது."

நான் எழுந்து நின்றேன். தளத்தின் சொந்த எடை முந்நூறு. லேசான மண் நூற்று முப்பத்திரண்டு. அதற்கு மேல் கறுப்பு மண், நனைந்தது, இருபத்தைந்து சென்டிமீட்டர்: நானூற்றைம்பது. அதற்கு மேல் தண்ணீர். கீழே முப்பத்தெட்டுப் பிள்ளைகள் தூங்கும் நேரம்.

"பிள்ளைங்களை வெளிய கொண்டு போங்க. நீங்க மேல ஏறாதீங்க. அப்பா? ஏறாதீங்க."

"நான் சொன்னா யாரு நம்புவாங்க?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ரயிலில் வந்து, சரிவின் மேலே கம்பியில் தொங்கிப் போகும் வண்டியில் உட்கார்ந்தேன். மின்னல் அடித்தால் கம்பி வண்டியை நிறுத்திவிடுவார்கள். எங்கள் குடியிருப்புக்கு நேர் மேலே, நாற்பது மீட்டர் உயரத்தில், பெட்டி நின்றது. மழையில் லேசாக ஆடியது.

எதிரில் ஒருவர் முட்டைத் தட்டை மடியில் வைத்திருந்தார். "கம்பி அறுந்துச்சுன்னா ஆம்லெட்டுதான்" என்றார். யாரோ சிரித்தார்கள்.

நான் கண்ணாடியைத் துடைத்தேன். காப்பகத்தின் கூரை கீழே முழுதாகத் தெரிந்தது. பச்சை, நடுவில் பழுப்பாக ஒரு குளம். கூரை தட்டையாக இருந்தால் தண்ணீர் பரவி நிற்கும். நடுவில் மட்டும் நின்றது. நடு இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

கைப்பிடிச் சுவரின் மேல், சரியாக உத்திரம் ஓடும் கோட்டில், ஒரு சிறிய உருவம் மண்வெட்டியோடு பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தது.

அப்பாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. டோனா ருபியேலாவை அழைத்தேன்.

"பிள்ளைங்க எங்க?"

"கோயில்ல. உங்கப்பா கேஸ் கசியுது, கேஸ் கசியுதுன்னு கத்தி எல்லாரையும் வெரட்டிட்டாரு. கேஸும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! இப்ப மேல நின்னு மண்ணை அள்ளிக் கொட்டறாரு. சத்தம் கேட்டு முப்பது பேரு வந்துட்டோம். ஏறப் போனா மனுஷன் படிக்கு வந்து குறுக்க நின்னு மண்வெட்டிய ஓங்கறாரு, ஒருத்தரையும் ஏற விடல!"

"ஏறாதீங்க, டோனா."

"ஒத்த ஆளு எத்தன நாளைக்கு அள்ளுவாரு? அறுபத்தேழு வயசு. நாங்க வேடிக்கை பாக்கவா வந்தோம்?"

"ஒரு ஆளு எழுபது கிலோ. முப்பது பேரு ஏறினா ரெண்டு டன்."

"எழுபதா? என்னையச் சேத்துச் சொல்லு, மூணு டன்." பிறகு குரல் மாறியது. "ஏன்டி, நெசமாவா?"

"ஏறாதீங்க. படியிலயே வரிசையா நின்னு வாளிய வாங்குங்க."

"எல்லாரும் படியில நில்லுங்க!" என்று அவர் கத்துவது கேட்டது. "இன்ஜினியரம்மா சொல்லியாச்சு!"

அப்பா மண்வெட்டியை ஓங்கிச் சொன்னபோது சிரித்தார்கள். நான் ஒரு வார்த்தை சொன்னதும் நின்றார்கள்.

பெட்டி ஐம்பது நிமிடம் தொங்கியது. கீழே அப்பா குப்புறப் படுத்து, கையை வடிகாலுக்குள் விட்டு எதையோ இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். நான் கூரையின் விளிம்பையே பார்த்தேன். தளம் உடைந்தால் முதலில் அங்கேதான் தெரியும். மூன்றாம் முறை சாக்கு வந்தது. குழாயிலிருந்து பழுப்பு நீர் வில்லாக வளைந்து தெருவில் விழுந்தது. அவர் எழுந்து உட்கார்ந்தார். பிறகு மீண்டும் மண்வெட்டியை எடுத்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. அவர் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தார். மண்வெட்டி மடியில் குறுக்கே கிடந்தது.

"வாழைய வெட்டிட்டேன். ருபியேலா என்னைக் கொன்னுருவா."

"கீழ வாங்கப்பா."

"தாயி, கணக்கு சரியாத்தான் இருந்துச்சா?"

படியில் வாளியோடு ஊரே நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"சரியாத்தான்பா இருந்துச்சு. நின்னுச்சுல்ல."

அவர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். "அப்ப நான் சும்மாதான் பயந்தேனா" என்றார். கேள்வியாகக்கூட இல்லை. யாரோ, "அடுத்த தடவ கேஸுன்னு சொன்னா மூக்க விட்டுப் பாத்துட்டுத்தான் ஓடுவோம், டோன் எவேலியோ" என்றார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

மறுநாள் காலை அப்பா மண் அள்ளாத மூலையில் அளந்தேன். முப்பத்தெட்டு சென்டிமீட்டர். தளத்தின் நடு ஏழு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. எல்லாவற்றையும் கூட்டினால் அந்தத் தளம் தாங்கக்கூடிய கடைசி எடையைத் தாண்டியிருந்தது. அது ஏன் நின்றது என்று எனக்குத் தெரியாது. பூச்சு வேலை என்று பொய் சொல்லிப் பிள்ளைகளைக் கோயில் கூடத்திலேயே இருக்கவைத்தேன். எப்போது உண்மையைச் சொல்வது என்று நாள் தள்ளினேன்.

அப்பாவுக்கு அன்றைய மழை நுரையீரலில் இறங்கியது. பத்தொன்பதாம் நாள் மருத்துவமனையில் இறந்தார். கடைசி வாரம் ஒரு நர்ஸிடம், "பொண்ணு படிச்சவ. நான்தான் ஊரைக் கலைச்சுட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். நான் வெளியே கதவருகில் நின்று கேட்டேன். உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். போனேன். தண்ணீர் கொடுத்தேன்.

அடக்கம் முடிந்து ஒன்பது மாலை ஜெபம். ஒன்பதாம் மாலை டோனா ருபியேலா ஜெபமாலையை மடித்து வைத்துவிட்டு எழுந்தார்.

"ஞாயித்துக்கிழமை கொன்வீதே. டோன் எவேலியோ பேருல கூரைத் தோட்டத்தைத் திரும்பப் போடறோம். ஐம்பது சாக்கு மண்ணு படிக்குக் கீழ வந்தாச்சு. வாழைக்கன்னு நான் தரேன். திங்கக்கிழமை பிள்ளைங்க உள்ள வந்துரலாம்."

எல்லோரும் கைதட்டினார்கள். சிலர் அழுதார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள். அந்த ஐம்பது சாக்கும் படியேறுவதை நினைத்ததும் எனக்குப் பயம் வந்தது. அப்பா வாழ்நாள் முழுக்க இதோடுதான் இருந்தாரா?

"வேண்டாம்" என்றேன். கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"என்னடி?"

"அன்னைக்குக் கூரை விழுந்திருக்கணும். நான் தப்பு பண்ணிட்டேன். ஆழம் எவ்வளவுன்னு ஒரு தடவகூட ஏறி அளக்கல. அப்பா மூணு தடவ சொன்னாரு. முப்பத்தெட்டுப் பிள்ளைங்க கீழ படுத்திருந்தாங்க."

 மர்லேனி வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய மகனும் அந்த முப்பத்தெட்டில் ஒருவன்.

டோனா ருபியேலா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். "மண்ணு சுமந்தது நாங்க. சாக்கு போட்டது என் கையி."

"உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

"அவருகிட்ட இதச் சொன்னியா?"

"இல்ல."

அவர் என்னை அப்படியே பார்த்தார். திட்டவில்லை. ஜெபமாலையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

ஞாயிறு கொன்வீதே நடந்தது. கூரைக்குக் கீழே இரும்பு முட்டுகள் கொடுத்துவிட்டு மண்ணைக் கீழே இறக்கினோம். மேலே ஒரு நேரத்தில் மூன்று பேர், உத்திரக் கோட்டில் மட்டும். மற்றவர்கள் படியில் வரிசை. யாரும் கேலி பேசவில்லை. சூப்பு பாதிப் பானை மிஞ்சியது. நகராட்சிக்கும் அந்தப் பொறியாளருக்கும் என் பெயர் போட்டு எழுதினேன். அவர் வந்து தளத்தில் துளையிட்டு மாதிரி எடுத்துப் போயிருக்கிறார். கம்பி இழுபட்டிருந்தால் தளத்தை உடைக்க வேண்டும். முடிவு இன்னும் வரவில்லை. அதுவரை பிள்ளைகள் கோயில் கூடத்தில்தான்.

இன்று மதியத்திலிருந்து மழை. கூரையில் இப்போது மண்ணே இல்லை, வடிகால் திறந்திருக்கிறது, உள்ளே யாரும் இல்லை. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் எதிர் வீட்டுத் தாழ்வாரத்தில் நின்று அந்த விளிம்பையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு தடவை வீட்டுக்குக் கிளம்பினேன். இரண்டு தடவையும் தெரு முனையிலிருந்து திரும்பி வந்துவிட்டேன்.